குளியல் அங்கிக்கு எந்தத் துணி?

(தையல் தொழில் செய்யும் குழுக்களுக்கான பயிற்சி நாளில் எங்கள் பயிற்சிக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஆற்றங்கரை ஊர்களின் தையல் குழுக்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "நைட்டி, பாவாடை, பிளவுஸ் எல்லாம் தைக்கிறோம். இப்போ குற்றாலம் சீசனுக்குக் குளியல் அங்கி கேட்கிறாங்க. லாட்ஜில் கேட்கிறாங்க, குளிக்க வர்றவங்களும் கேட்கிறாங்க. துணி எது எடுக்க?" என்று. நல்ல கேள்வி. சுழல் நிதியில் இருந்தும் உள்கடனாகவும் பணம் எடுத்துத்தான் நாம் துணி வாங்குகிறோம். தையல் கோணினால் பிரித்துத் தைத்துக் கொள்ளலாம். துணி சரியில்லை என்றால் தைத்த கூலியும் போய், வாங்கின கடனும் தலையில் நிற்கும். அதனால் இன்றைக்கு மெஷினைத் தொடாமல் துணியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில், குளியல் அங்கி என்றால் என்ன? குளித்து முடித்ததும், துவட்டியும் துவட்டாமலும் மேலே போட்டுக் கொள்கிற தளர்ந்த உடுப்பு. முன்பக்கம் திறந்து, ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கம் ஏறி, இடுப்பில் நாடாவால் கட்டுவது. சினிமாவில் பங்களா வீட்டுக்காரர் போட்டுக் கொண்டு மாடிப்படி இறங்கி வருவாரே, அதுதான். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த அங்கி செய்கிற வேலையை நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக ஒரு பாவாடையை வைத்தே செய்து வருகிறார்கள். மாரோடு பாவாடையைக் கட்டி ஆற்றில் இறங்கிக் குளித்து, கரையேறி, காய்ந்த சேலையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக் கொண்டு, ஈரத்தை உள்ளுக்குள்ளேயே நழுவ விட்டு உடுத்துகிற வித்தை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாபநாசத்தில் இருந்து சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை வரைக்கும் எந்தப் படித்துறையில் வேண்டுமானாலும் பாருங்கள். 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தபோது படித்துறைகளில் உடை மாற்றத் தற்காலிக அறைகள் போட்டார்கள். மற்ற நாட்களில் பல துறைகளில் நமக்கு மறைவு என்பது நம் பாவாடைதான்.

ஆகவே நம் பக்கத்தில் குளியல் அங்கி என்பது உடம்பைத் துவட்டுகிற துண்டாக மட்டும் இருந்தால் போதாது. அது உள்ளே நின்று துணி மாற்றுகிற ஒரு சின்ன அறையாகவும் இருக்க வேண்டும். வெளிநாடுகளில் கடலில் குளிப்பவர்கள் இதற்கென்றே தொளதொளப்பாக ஓர் அங்கி தைத்துப் போடுகிறார்கள். கையை உள்ளே இழுத்துக் கொண்டு, ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததை மாட்டிக் கொண்டு வெளியே வருகிறார்கள். நம் பாவாடை வித்தையேதான், சேலை முனையைப் பல்லில் கடிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் துணி மூன்று வேலை செய்ய வேண்டும். ஈரத்தை உறிஞ்ச வேண்டும். நனைந்த பிறகும் மறைக்க வேண்டும். அடுத்த குளியலுக்குள் காய வேண்டும். கடையில் போய்க் கேட்டால் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அதனால்தான் எல்லோரும் கனத்த தேங்காய்ப்பூத் துணியை எடுத்துக் காட்டுகிறார்கள்.

தேங்காய்ப்பூத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறோம். இதை டர்க்கி என்றும், வியாபாரிகள் டெர்ரி என்றும் சொல்வார்கள். சாதாரணத் துணிக்குப் பாவு ஒன்று, ஊடை ஒன்று. இதற்கு இரண்டு பாவு. ஒன்று இறுக்கமாக நின்று துணியைத் தாங்கும். மற்றது தளர்ந்து ஓடி, மேலும் கீழும் வளையம் வளையமாக எழும்பி நிற்கும். அந்த வளையங்கள்தான் துருவின தேங்காய் போலத் தெரிகின்றன. வளையம் அதிகமானால் தண்ணீர் தொடுகிற பரப்பும் அதிகம், அதனால் நன்றாக உறிஞ்சுகிறது. துருக்கி நாட்டின் புர்சா ஊரில் கையால் நெய்த இந்த ரகத்தை ஹென்றி கிறிஸ்டி என்ற இங்கிலாந்துக்காரர் பார்த்துத் தன் நாட்டுக்குக் கொண்டு போனார். அவர்கள் மில்லில் மெஷினில் நெய்து 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்கள். டர்க்கி டவல் என்ற பேர் இப்படி வந்ததுதான். இன்றைக்கு மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரும் நம் மாநிலத்தில் கரூரும் இந்த மாதிரித் துணிகளுக்குப் பேர் பெற்ற ஊர்கள்.

துணி நல்ல துணிதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வருகிற, கை வைத்த அங்கி ஒன்றுக்கு 45 அங்குல அகலத் துணி மூன்றரை மீட்டர் ஆகும். அது ஏறக்குறைய 4 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 400 கிராம் இருக்கிற தேங்காய்ப்பூத் துணி என்றால் மொத்தம் 1,600 கிராம். வெட்டுத் துண்டு கழிந்தது போக அங்கி ஒன்றரைக் கிலோ நிற்கும். பருத்தி வளையம் தன் எடைக்கு மேலேயே தண்ணீர் குடிக்கும். அருவியில் நனைந்து விட்டால் மூன்று கிலோவுக்கு மேல் தோளில் தொங்கும். அதைப் பிழிய ரெண்டு பேர் வேண்டும். பிழிந்து பையில் போட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, கொடியில் போட்டால் சித்திரை வெயிலில் சாயந்திரத்துக்குள் காய்ந்து விடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில்? ரெண்டு நாள் கழித்தும் மடிப்பில் ஈரம் இருக்கும், முடை நாற்றம் அடிக்கும்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. காயாத துணியை உடுத்துவதாலும், ஒருவர் துண்டை இன்னொருவர் எடுப்பதாலும் படர்தாமரை ஒட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழேயும் வந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவி முற்றவிட்டுக் கொள்கிறவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அப்படி யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். துணி காய்வது என்பது உடம்புக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறோம்.

சரி, கனத்த துணி வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது? எங்களுக்குப் பிடித்தது தேன்கூட்டு நெசவுத் துணி. வியாபாரிகள் வாஃபிள் என்பார்கள். கட்டம் கட்டமாக, நடுவில் குழி விழுந்து, ஓரம் எழும்பி இருக்கும். வளையம் கிடையாது, நெசவிலேயே மேடு பள்ளம் வந்து விடும். அந்தக் குழிகள் ஈரத்தை வாங்கிக் கொள்ளும். மேடு மட்டும் தோலில் படுவதால் உடம்போடு ஒட்டாது. காற்று உள்ளே புகுவதால் சீக்கிரம் காயும். சதுர மீட்டருக்கு 240 கிராம் உள்ள துணி எடுத்தால் அதே அங்கிக்கு 960 கிராம் துணிதான் ஆகும். கிலோ கணக்கில் துணி வாங்குகிற குழுக்கள் இதைக் கவனியுங்கள். 45 அங்குல அகலத்தில் ஒரு கிலோவுக்கு 400 கிராம் துணி இரண்டு மீட்டரும் 20 சென்டிமீட்டரும்தான் வரும். 240 கிராம் துணி மூன்றரை மீட்டருக்கு மேலேயே வரும், அதாவது முழு அங்கி ஒன்று. கிலோ விலை சற்றுக் கூடுதலாகச் சொன்னாலும் பயப்படாமல் மீட்டருக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

அதற்கு அடுத்து, ஈரிழைத் துண்டு நெய்கிற அதே துணி. இரண்டு இழையைச் சேர்த்து நெய்தது, நம் ஆண்கள் தோளில் போடுகிறார்களே. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், எளிதில் கிழியாது, ஒரு மணி நேர வெயில் கிடைத்தால் காய்ந்து விடும். அகலம் குறைவாக இருந்தால் பக்கத்தில் இணைப்புக் கொடுக்க வேண்டி வரும், அது ஒன்றுதான் சிரமம். கைத்தறி கூட்டுறவுச் சங்கங்களில் கேட்டு வாங்கலாம். ஆற்றுக்குப் போய் வருகிற நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடத் தோதான துணி இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். பார்வைக்குப் பகட்டாக இருக்காது, அதனால் கடைக்காரர் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்.

இனி மறைக்கிற விஷயத்துக்கு வருவோம். இதைப் பற்றி எந்தக் கடையிலும் பேச மாட்டார்கள், நாம்தான் பேச வேண்டும். காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரிகிற வெள்ளைத் துணி, நனைந்ததும் ஏன் கண்ணாடி மாதிரி ஆகிறது? காய்ந்த துணியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால் பின்னால் இருப்பது தெரிவதில்லை. தண்ணீர் புகுந்து காற்றை வெளியேற்றி விட்டால் வெளிச்சம் அவ்வளவாகச் சிதறாமல் ஊடுருவிப் போகும். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் மறுபக்கம் தெரிகிறதே, அதே கதைதான். ஆகவே காய்ந்த துணியைக் கையில் தூக்கிப் பார்த்து "கெட்டியா இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது. சாம்பிள் துணியை நனைத்துப் பிழிந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் உங்கள் கையை வையுங்கள். விரலை எண்ண முடிந்தால் அந்தத் துணி அருவிக்கரைக்கு ஆகாது. அடர்ந்த நிறம், கட்டம், நெருக்கமான பூப்போட்டது ஆகியவை ஈரத்திலும் கண்ணை ஏமாற்றும். கரும்பச்சை, மெரூன், நீலம் எடுங்கள். வெளிர் ரோஸும் சந்தனமும் பார்க்க அழகு, அதோடு சரி.

மார்புப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது எட்டு ஒன்பது அங்குலமாவது இருக்கட்டும். வெளி நாடா அவிழ்ந்தாலும் மானம் காக்க உள்ளே ஒரு சிறு நாடா கட்டாயம். இது துணி விஷயம் இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

லாட்ஜ்காரர்கள் கேட்பது வேறு. அவர்கள் வெள்ளைதான் கேட்பார்கள். சூடான தண்ணீரில் அலசி, பிளீச் போட்டுப் பல பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டி இருப்பதால் சாயத் துணி அவர்களுக்குச் சரிப்படாது. அறைக்குள் தனியாகப் போடுவதால் மறைப்பும் அவ்வளவு பிரச்சினை இல்லை. அவர்களுக்கும் தேன்கூட்டுத் துணியையே காட்டிப் பாருங்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு துணி காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தைத்தால் பழகின மல் துணி இரண்டு மடிப்பு போதும், முன்பக்கத் திறப்பு பால் கொடுக்க வசதி. படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு முதுகுப் பக்கம் திறப்பு வையுங்கள்.

அடுத்தது பாலியஸ்டர். இதைக் கேட்காமல் விட மாட்டீர்கள், ஏனென்றால் விலை குறைவு. வழவழ என்று இருக்கும், சாயம் போகாது, சீக்கிரம் காயும். எல்லாம் உண்மை. ஆனால் சாதாரணக் காற்றில் பருத்தி நூறு கிராமுக்கு எட்டரை கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வேர்வையை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும், நனைந்தால் ஒட்டிக் கொண்டு உருவத்தைக் காட்டும். மைக்ரோஃபைபர் என்று விற்கிற துண்டும் பெரும்பாலும் இந்த வகைதான். மிக மெல்லிய இழைகளின் இடுக்கில் தண்ணீரைப் பிடிப்பதால் துடைக்க நன்றாக இருக்கும். தரை துடைக்க, வண்டி துடைக்க வாங்குங்கள், உடம்பில் போட்டுக் கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பயம் தருவது அடுப்பு. குளித்து விட்டு அதே உடுப்போடு அடுக்களைக்குப் போய்க் காபி போடுவது நம் வழக்கம். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியத்தான் செய்யும், தேங்காய்ப்பூ வளையத்திலும் தீ பரவும், ஆனாலும் உருகி ஒட்டாது. எந்தத் துணியாக இருந்தாலும் தொளதொளத்த கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிக் கொடுங்கள்.

பாலியஸ்டருக்கு இன்னொரு கதையும் உண்டு. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்தின துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். பருத்தி நாளடைவில் மக்கி விடும். இந்தத் துணி மக்காமல் பாறை இடுக்கில் கிடந்து குளிப்பவர் காலைச் சுற்றுகிறது. ஆற்றைச் சுத்தம் செய்யப் போன நம் உறுப்பினர்கள் இழுத்துப் போட்ட மூட்டைகளைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கலப்புத் துணி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. தாங்குகிற பாவில் கொஞ்சம் பாலியஸ்டர் கலந்து, வளையம் முழுக்கப் பருத்தியாக இருந்தால் துணி நீடித்து உழைக்கும், சற்று விரைவில் காயும். லாட்ஜ் ஆர்டருக்கு அதை எடுக்கலாம். ஆனால் "சுத்தக் காட்டன்" என்று சொல்லி அதே விலையில் நம் தலையில் கட்டக் கூடாது. "மூங்கில் துணி" என்று ஒன்று வந்திருக்கிறது. பெரும்பாலும் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி இழுத்த ரேயான் அது. கைக்குப் பட்டுப் போல இருக்கும். ஆனால் ரேயான் நனைந்தால் பலம் குறையும், பருத்தி நனைந்தால் பலம் கூடும். தினம் நனைகிற உடுப்புக்கு எது தோது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்? சாம்பிள் வாங்காமல் மொத்தமாக எடுக்கவே கூடாது. ஓரத்து நூல் நாலு பிய்த்து, வெளியே வந்து தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகும். இரண்டும் வந்தால் கலப்பு. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் நல்லது. சேம்பு இலையில் நிற்பது போல உருண்டு நின்றால் கஞ்சியோ மெழுகோ இருக்கிறது. சில சமயம் புதுத் துணி ரெண்டு மூணு சலவைக்குப் பிறகுதான் தண்ணீர் குடிக்கும், அதனால் ஒரு முறை அலசி மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்கிறார்களே, அங்கே தறியில் இருந்து இறங்கின துணி அப்படியே காயத்துக்குப் போவதில்லை. மெழுகு போக வேகவைத்து வெளுத்த பிறகுதான் ரத்தத்தை உறிஞ்சும். அந்த ஞாபகம் இருந்தால் போதும்.

நனைத்த வெள்ளைத் துணியால் சாம்பிளை அழுத்தித் தேய்த்துச் சாயம் பாருங்கள். நூல் நம்பர் கேளுங்கள். நம்பர் கூடினால் நூல் மெலிசு, குறைந்தால் தடிப்பு. விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக் குழுக்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். 1880களில் ஹார்வி கம்பெனி ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை வைத்து நூல் மில்லை ஓட்டத் தொடங்கிய ஊர் அது, பாட்டி காலத்தில் இருந்தே வீட்டில் நூல் நம்பர் பேச்சு இருக்கும்.

துணி வாங்கின பிறகு செய்கிற வேலை ஒன்று பாக்கி. வெட்டும் முன்னால் முழுத் துணியையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகு அளவெடுங்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைகூடச் சுருங்கலாம். மூன்றரை மீட்டரில் பத்து சதவீதம் என்றால் 35 சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கீழே என்று சொல்லி விற்றது முழங்காலுக்கு மேலே ஏறினால் வாங்கினவர் சும்மா இருப்பாரா? தேன்கூட்டுத் துணி இன்னும் கூடுதலாகவே சுருங்கும். சுருங்கின அளவுக்குத் துணி கூட எடுத்து, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கொள்ளுங்கள். வாங்குகிறவர்களிடம் துணிக்கு வாசனை சேர்க்கிற திரவம் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இழைமேல் படிந்து உறிஞ்சுவதைக் குறைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் பக்கத்தில் கிடைக்கிற துணியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்று வெட்டிக் கொண்டு வாருங்கள். வாங்கின கடை, மீட்டர் விலை, அகலம் மூன்றையும் சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள். நகைக்கடைத் தராசு ஒன்று இரவல் கேட்டிருக்கிறோம். அந்தத் துண்டு எத்தனை கிராம் நிற்கிறதோ அதை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை வந்து விடும். நாலு கிராம் நின்றால் 400, இரண்டரை கிராம் நின்றால் 250. எல்லாக் குழுத் துணியையும் எடைபோட்டு, நனைத்து, வராந்தாக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, எது எத்தனை மணிக்குக் காய்கிறது என்று பார்ப்போம். காலையில் பத்து மணிக்கே வந்து விடுங்கள்.